ஸ்மார்ட்மான்டூல்ஸ்: டிஸ்க்கின் வேகம் தானாக இறங்கினால் கோளாறு எங்கே என்று காட்டும் கருவி

லினக்ஸ் சர்வரில் பெரிய காப்பி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே வேகம் சரிகிறது. இயங்குதளத்தின் மையமான கர்னல் எழுதும் லாக்கைத் திறந்தால் ‘ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்’ என்ற வரி திரும்பத் திரும்ப நிற்கிறது. அதற்குக் கீழே ‘லிமிட்டிங் சாட்டா லிங்க் ஸ்பீட் டு 3.0 ஜிபிபிஎஸ்’ (சாட்டா என்பது டிஸ்க்கைக் கணினியோடு சேர்க்கும் இடைமுகம், லிங்க் என்பது அந்த இணைப்பு). கொஞ்ச நேரத்தில் அதுவும் 1.5 ஆகிறது. சாட்டாவுக்கு முந்தைய ஐடிஇ இடைமுக டிஸ்க் மாட்டிய, நெட்பிஎஸ்டி இயங்குதளம் ஓடும் கணினியாக இருந்தால் ‘டிரான்ஸ்ஃபர் எரர், டவுன்கிரேடிங் டு அல்ட்ரா டிஎம்ஏ மோட்’ என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் தரவைச் சிபியுவே நகர்த்தும் மெதுவான பிஐஓவில் போய் நிற்கும்.

இதைப் பார்த்த கையோடு புது டிஸ்க் வாங்கக் கிளம்பிவிட வேண்டாம். இந்த அறிகுறியைப் பொறுத்தவரை முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளையும் பவர் இணைப்பையும்தான். டிஸ்க்கா, கேபிளா, போர்ட்டா என்பதை ஊகிக்காமல் எண்களை வைத்தே பிரித்துவிடலாம். அதற்கு உதவும் இலவச மென்பொருள்தான் ஸ்மார்ட்மான்டூல்ஸ். டிஸ்க்கின் ஆயுளைக் கணிக்கும் கருவியாக இதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். டிரான்ஸ்ஃபர் வேகம் நிலையாக நிற்காத கோளாறுக்கு அது எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

இது 2002இல் புரூஸ் ஆலன் தொடங்கிய திட்டம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில் உருவான ஸ்மார்ட்சூட் என்ற பழைய தொகுப்பிலிருந்து பிறந்தது. ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி, சோலாரிஸ், மேக் என்று எல்லாவற்றிலும் ஓடும். உள்ளே இரண்டு நிரல்கள்: கேட்டவுடன் தகவல் தரும் ஸ்மார்ட்சிடிஎல், பின்னணியில் காவல் இருக்கும் ஸ்மார்ட்டி. எந்த டிஸ்ட்ரோவிலும் ‘ஸ்மார்ட்மான்டூல்ஸ்’ என்ற பெயரிலேயே பேக்கேஜ் கிடைக்கும்.

எந்த வேகத்தில் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள்

ரூட் உரிமையோடு ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் ஹைபன் போட்டுச் சின்ன எழுத்து ‘ஐ’ கொடுத்து டிஸ்க்கின் பெயரைச் சேர்த்தால் மாடல், சீரியல் எண், ஃபர்ம்வேர் எல்லாம் வரும். கிட்டத்தட்ட கடைசியில் ‘சாட்டா வெர்ஷன் இஸ்’ என்று தொடங்கும் வரிதான் நமக்குத் தேவை. அதில் இரண்டு வேகங்கள் இருக்கும். முதலாவது, டிஸ்க்கால் முடிந்த உச்சம். ‘கரண்ட்’ என்ற சொல்லுக்குப் பின்னால் வருவது, இந்த நிமிடம் உண்மையில் ஓடும் வேகம். 6.0 என்றும் கரண்ட் 3.0 என்றும் இருந்தால் எங்கோ இறங்கியிருக்கிறது.

ஆனால் அதையே கோளாறு என்று எடுத்துக்கொள்ள முடியாது. மதர்போர்டின் அந்தப் போர்ட்டே 3 ஜிகாபிட் வகையாக இருக்கலாம். பழைய போர்டுகளில் இரண்டு போர்ட் மட்டும் 6 ஜிகாபிட்டும் மற்றவை 3 ஜிகாபிட்டுமாக இருப்பது சாதாரணம். சந்தேகத்தைத் தீர்த்துவைப்பது கர்னல் லாக். ‘சாட்டா லிங்க் அப்’ என்ற வரியில் எஸ்ஸ்டேட்டஸ், எஸ்கண்ட்ரோல் என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டிலுமே நடு இலக்கத்தைப் பாருங்கள். எஸ்ஸ்டேட்டஸ் 133 என்றால் 6 ஜிகாபிட், 123 என்றால் 3, 113 என்றால் 1.5. எஸ்கண்ட்ரோல் 300 என்றால் யாரும் கட்டுப்பாடு போடவில்லை. 320 என்றால் 3 ஜிகாபிட்டுக்கு மேல் போகக்கூடாது என்று தடை விழுந்திருக்கிறது, 310 என்றால் 1.5. ஆக, 123க்குப் பக்கத்தில் 300 இருந்தால் டிஸ்க்கும் போர்ட்டும் பேசி முடிவுசெய்த வேகம் அது. 123க்குப் பக்கத்தில் 320 இருந்தால், நீங்களே பூட் வரியில் தடை எதுவும் போடாதவரை, பிழைகளைப் பார்த்துக் கர்னல் இறக்கிய வேகம். இந்த வித்தியாசத்தை ஸ்மார்ட்சிடிஎல் காட்டாது. அதனால்தான் அதை எப்போதும் கர்னல் லாக்கோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

அதே லாக்கில் ‘கான்ஃபிகர்டு ஃபார் யூடிஎம்ஏ/133’ என்ற வரியைப் பார்த்து, டிஸ்க் 133 மெகாபைட்டில் முடங்கிவிட்டது என்று பதறுகிறவர்கள் உண்டு. சாட்டாவில் அந்த எண்ணுக்கு வேகத்தோடு தொடர்பே கிடையாது. பழைய இடைமுகத்தோடு ஒத்துப்போவதற்காகச் சொல்லப்படும் பெயர் அது. 6 ஜிகாபிட்டில் ஓடும் எஸ்எஸ்டிக்கும் அதே வரிதான் வரும்.

கர்னல் எப்போது வேகத்தைக் குறைக்கிறது? லினக்ஸில் டிஸ்க் இணைப்பைக் கவனிக்கும் லிப்ஏடிஏ என்ற பகுதி பிழைகளை வகைபிரித்து நேரத்தோடு குறித்துவைக்கிறது. கடந்த 10 நிமிடத்தில் மூன்றுக்கு மேல் பஸ் பிழையோ டைம்அவுட்டோ வந்தால் ஒரு படி இறக்குகிறது. பிரச்சினை தீர்ந்தபிறகு அது தானாக மேலே ஏறும் என்று காத்திருக்க வேண்டாம், ரீபூட் செய்துவிடுங்கள்.

வேகத்தில் உண்மையான நஷ்டம் எவ்வளவு? சாட்டா ஒரு பைட்டுக்கு 10 பிட் அனுப்புவதால் 6, 3, 1.5 ஜிகாபிட் என்பவை முறையே நொடிக்கு 600, 300, 150 மெகாபைட். சுழலும் டிஸ்க் வெளி வட்டத்தில்கூட 200 சொச்சம் மெகாபைட்தான் தரும் என்பதால் 3 ஜிகாபிட்டுக்கு இறங்கினால் அதற்குப் பெரிதாக ஒன்றும் குறையாது. 1.5இல் அடிவாங்கும். எஸ்எஸ்டி என்றால் 3 ஜிகாபிட்டிலேயே பாதி போய்விடும். இதைவிடப் பெரிய தொல்லை, ஒவ்வொரு லிங்க் ரீசெட்டின்போதும் எல்லா வேலையும் நொடிக்கணக்கில் உறைந்து நிற்பது. பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்த ரெய்டு தொகுப்பில் இருக்கும் டிஸ்க் என்றால் அது வெளியே தள்ளப்படவும் கூடும்.

199ஐ எப்படிப் படிப்பது

ஸ்மார்ட்சிடிஎல்லுக்குப் பெரிய எழுத்து ‘ஏ’ கொடுத்தால் அட்ரிபியூட் பட்டியல், அதாவது டிஸ்க் தன்னைப் பற்றி வைத்திருக்கும் கணக்குகள், எண்ணிட்ட வரிகளாக வரும். அதில் 199ஆம் வரி ‘யூடிஎம்ஏ சிஆர்சி எரர் கவுண்ட்’. டிஸ்க்குக்கும் கண்ட்ரோலருக்கும் இடையே போன தரவு வழியில் சிதைந்ததை, தரவோடு சேர்த்து அனுப்பும் சரிபார்ப்பு எண்ணான சிஆர்சியால் கண்டுபிடித்த தடவைகளின் எண்ணிக்கை இது. வலது ஓரத்தில் இருக்கும் ரா மதிப்பை, அதாவது உண்மையான எண்ணிக்கையை மட்டும் பாருங்கள். 200, 100 என்று வரும் நார்மலைஸ்டு மதிப்பு இங்கே எதற்கும் உதவாது.

இந்த எண் குறையவே குறையாது. கேபிளை மாற்றினாலும் பழைய கணக்கு அப்படியேதான் நிற்கும். செகண்ட்ஹேண்ட் டிஸ்க்கில் 199இன் மதிப்பு 340 என்று இருந்தால், முந்தைய உரிமையாளரின் பெட்டியில் மோசமான கேபிள் இருந்திருக்கலாம், அவ்வளவுதான். அதற்காக டிஸ்க்கை ஒதுக்குவது நியாயமில்லை. பார்க்க வேண்டியது இன்றைக்கு என்ன எண், நாளைக்கு என்ன எண் என்பது. நகராமல் நின்றால் பழைய கதை. ஏறிக்கொண்டே இருந்தால் கோளாறு இப்போதும் இருக்கிறது.

சிஆர்சி பிழை வந்தது என்றாலே அது பிடிபட்டுவிட்டது என்றுதான் பொருள். கர்னல் அதே தரவைத் திரும்பக் கேட்கும் அல்லது திரும்ப அனுப்பும். எனவே 199 ஏறுவதால் மட்டும் உங்கள் கோப்புகள் கெட்டுவிடவில்லை. இருந்தாலும் சோதனையைத் தொடங்கும் முன்பு பேக்கப் எடுத்துவிடுங்கள். பெட்டியைத் திறந்து கேபிளை அசைக்கப்போகிறீர்கள், லிங்க் ஒரேயடியாக அறுந்துபோகவும் வாய்ப்புண்டு.

199இல் ஒரு குறை இருக்கிறது. எந்தத் திசையில் போன தரவு சிதைந்தது என்று அது சொல்லாது. கணினியிலிருந்து டிஸ்க்குக்குப் போவதில் வரும் பிழையை டிஸ்க் தானே காண்கிறது. டிஸ்க்கிலிருந்து கணினிக்கு வருவதில் உள்ள பிழையைக் காண்பது கண்ட்ரோலர். இந்த இடத்தில்தான் ஸ்மார்ட்மான்டூல்ஸின் அதிகம் பேசப்படாத வசதி ஒன்று மிக நன்றாக வேலை செய்கிறது. ஹைபன் போட்டுச் சின்ன எழுத்து ‘எல்’, பிறகு ‘சாட்டாஃபை’ என்று கொடுத்தால் டிஸ்க் தன் லிங்க்கைப் பற்றி வைத்திருக்கும் தனிக்கணக்கு வரும். எண் 1, சிஆர்சி பிழையால் தோற்ற கட்டளைகள். எண் 3, டிஸ்க் அனுப்பியதைக் கணினி ஏற்காத தடவைகள். எண் 4, கணினி அனுப்பியதை டிஸ்க் ஏற்காத தடவைகள். எண் 9, டிஸ்க்கின் பக்கம் தயார் நிலையிலிருந்து லிங்க் விழுந்த தடவைகள். எண் ‘ஏ’, ரீசெட் வாங்கிய தடவைகள். இந்தக் கடைசி எண் பூட் ஆகும்போதே கொஞ்சம் ஏறும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

199இல் இல்லாத ஒரு வசதி இதில் உண்டு. ‘சாட்டாஃபை’க்குப் பின் கமா போட்டு ‘ரீசெட்’ சேர்த்தால் கணக்கு பூஜ்யமாகும். சோதனைக்கு முன் பூஜ்யமாக்கி, சோதனை முடிந்ததும் பார்த்தால் சந்தேகத்துக்கு இடமே இல்லாத பதில் கிடைக்கும். சிஆர்சி சிக்கலை ஆராய இந்தக் கருவியில் மிகச் சிறந்த பகுதி எது என்றால் இதுதான். எல்லா டிஸ்க்கும் இந்தப் பதிவைத் தராது, தருகிற டிஸ்க் என்றால் முதலில் இதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

‘பாஸ்ட்’ என்று வந்தால் நம்பலாமா

பெரிய எழுத்து ‘எச்’ கொடுத்தால் ‘பாஸ்ட்’, அதாவது டிஸ்க் தேறியது என்று ஒரு வரி வரும். இந்தக் கோளாறுக்கு அந்த வரியால் எந்தப் பயனும் இல்லை. உற்பத்தியாளர் வைத்த எல்லையை ஏதாவது அட்ரிபியூட் தாண்டியதா என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஆயிரக்கணக்கான சிஆர்சி பிழையோடு ‘பாஸ்ட்’ வாங்கும் டிஸ்க்குகள் சாதாரணம்.

ஸ்மார்ட்சிடிஎல் மூலம் டிஸ்க்கைத் தன்னைத்தானே சோதிக்க வைக்கும் ஷார்ட் டெஸ்ட், லாங் டெஸ்ட் இரண்டும் அப்படித்தான். சோதனை முழுவதும் டிஸ்க்குக்கு உள்ளேயே நடக்கிறது. பரப்பைப் படிக்கிறது, ஹெட்டைச் சோதிக்கிறது, ஆனால் ஒரு பைட்கூடக் கேபிள் வழியாக வெளியே வருவதில்லை. போன் லைன் கரகரவென்று இரைந்தால் எதிர்முனையில் பேசுபவரின் தொண்டையைச் சோதிப்பது போலத்தான். எனவே லாங் டெஸ்ட் பிழையின்றி முடிந்து 199 மட்டும் ஏறினால், இரண்டும் சேர்ந்து கேபிள் பக்கமே கைகாட்டுகின்றன. இப்படி எடுத்துக்கொண்டால் அந்த டெஸ்ட்டும் பயனுள்ளதுதான்.

கேபிளைச் சோதிக்க வேண்டுமென்றால் தரவு அதன் வழியாக ஓட வேண்டும். ‘டிடி’ கட்டளையால் முழு டிஸ்க்கிலிருந்து 20 ஜிகாபைட் அளவுக்கு ‘நல்’ சாதனத்துக்குப் படியுங்கள். பிளாக் அளவு 1 மெகாபைட், ‘ஐஃப்ளாக்’ என்பதில் ‘டைரக்ட்’. உள்ளீடாக டிஸ்க்கும் வெளியீடாக நல்லும் இருக்கிறதா என்று என்டர் தட்டும் முன் இரண்டு தடவை பாருங்கள். டிஸ்க்கின் பெயர் தவறி வெளியீட்டுப் பக்கம் போனால் அதில் இருக்கும் தரவு அழியக்கூடும். படிப்பது ஒரு திசையை மட்டுமே சோதிக்கும். மறுதிசைக்கு, மவுண்ட் செய்த ஃபைல் சிஸ்டத்தில் பத்து இருபது ஜிகாபைட்டில் ஒரு கோப்பை எழுதி ‘சிங்க்’ கொடுக்க வேண்டும். படிக்கும்போது சுத்தமாக இருந்து எழுதும்போது மட்டும் பிழை வரும் கேபிள்கள் உண்டு. உள்ளே போகவும் வரவும் தனித்தனிக் கம்பி ஜோடிகள் இருப்பதுதான் காரணம்.

எப்போது டிஸ்க்கே குற்றவாளி

வேகம் இறங்கும் எல்லாக் கேஸும் கேபிள் அல்ல. கர்னல் லாக்கில் ‘எக்ஸெப்ஷன் ஈமாஸ்க்’ என்ற வரியையும், அதற்குக் கீழே ‘ரெஸ்’ என்று தொடங்கும் வரியில் உள்ள ஈமாஸ்க் எண்ணையும் தேடுங்கள். ஹெக்ஸில் 10 என்றால் பஸ் பிழை. 4 என்றால் டைம்அவுட். 9 என்றால் டிஸ்க்கின் பரப்பிலேயே படிக்க முடியாத இடம்.

குழப்பம் தருவது 4தான். மோசமான செக்டர் ஒன்றைப் படிக்க டிஸ்க் திரும்பத் திரும்ப முயலும். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்குகள் இதில் நீண்ட நேரம் மூழ்கிவிடும். லினக்ஸ் இயல்பாகக் காத்திருப்பது 30 நொடி. அதைத் தாண்டினால் டைம்அவுட் என்று அறிவித்து லிங்க்கை ரீசெட் செய்கிறது. இது சில தடவை நடந்தால் வேகத்தையும் குறைக்கிறது. வெளியிலிருந்து பார்க்க அச்சு அசல் கேபிள் கோளாறு. ஆனால் 199 அசையாமல் இருக்கும். அதற்குப் பதிலாக 197ஆம் வரியில், அதாவது ‘கரண்ட் பெண்டிங் செக்டர்’ என்பதில், பூஜ்யத்துக்கு மேல் எண் இருக்கும். 5, 187, 198 ஆகியவையும் நகரலாம். இப்படி இருந்தால் கேபிளோடு மல்லுக்கட்டாமல் தரவை வெளியே எடுத்துவிட்டு டிஸ்க்கை மாற்றுங்கள்.

ரெய்டில் இருக்கும் டிஸ்க்குக்கு ஸ்மார்ட்சிடிஎல்லே ஒரு வழி தருகிறது. சின்ன எழுத்து ‘எல்’, ‘எஸ்சிடிஇஆர்சி,70,70’ என்று கொடுத்தால் படிப்பதிலும் எழுதுவதிலும் டிஸ்க் 7 நொடிக்கு மேல் போராடாமல் பிழையைத் திருப்பிச் சொல்லிவிடும். மீதியை ரெய்டு பார்த்துக்கொள்ளும். பல டிஸ்க்குகளில் பவர் போய் வந்தால் இது மறந்துபோகும், எனவே ஒவ்வொரு பூட்டிலும் கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். ரெய்டு இல்லாத ஒற்றை டிஸ்க்கில் இதைச் செய்யாதீர்கள். அங்கே டிஸ்க் எவ்வளவு நேரம் போராடினாலும் தரவு மீண்டால் லாபம்தான்.

டிஸ்க் வைத்திருக்கும் பிழைப் பதிவும் உதவும். சின்ன எழுத்து ‘எல்’, ‘எரர்’ என்று கொடுத்துப் பாருங்கள். எரர் ரெஜிஸ்டரில் ஹெக்ஸ் 84 இருந்தால் சிஆர்சியும் அபார்ட்டும் சேர்ந்தது, அதாவது வழியில் சிதைந்தது. 40 இருந்தால் படிக்க முடியாத செக்டர். இரண்டுக்கும் மருந்து வேறுவேறு.

கேபிள், பவர், போர்ட் என்று பிரிப்பது

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டு டிஸ்க் இருந்தால் புதிதாக எதுவும் வாங்காமலேயே முடிவு தெரிந்துவிடும். கேபிள்களை மட்டும் இடம் மாற்றி அதே சுமையைக் கொடுங்கள். பிழை கேபிளோடு மற்ற டிஸ்க்குக்குப் போனால் கேபிள். போகவில்லை என்றால் மதர்போர்டு முனையில் போர்ட்டை மாற்றுங்கள். பிழை பழைய போர்ட்டிலேயே தங்கினால் போர்ட். எங்கே மாட்டினாலும் அதே டிஸ்க்கோடு போகிறது என்றால் பவர் பிளக்கையும் மாற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு டிஸ்க்கைச் சந்தேகப்படுங்கள்.

கேபிளைக் கையில் எடுத்துப் பாருங்கள். சாட்டா தரவு பிளக்கில் ஏழு தொடுமுனைகள். நான்கு தரவுக்கு, இரண்டு ஜோடியாக. மூன்று எர்த். உலோகக் கொக்கி இல்லாத பிளக் டிஸ்க்கின் அதிர்விலேயே மெல்ல நழுவும். பக்கவாட்டில் லேசாகத் தொட்டாலே ஆடுகிறது என்றால் தூக்கிப்போடுங்கள். பிளக்கின் கழுத்திலேயே கேபிளை மடக்கிக் கட்டியிருப்பது, பல கேபிள்களை டை போட்டு இறுக்கிக் கட்டுவது இரண்டும் 6 ஜிகாபிட்டில் தொல்லை தரும். விதிப்படி உச்ச நீளம் 1 மீட்டர். டிஸ்க் அடுக்கில் பேக்பிளேன், அதாவது டிஸ்க்குகளை நேராகச் செருகும் பலகை இருந்தால் அந்த இணைப்பையும் சேர்த்துக் கணக்கில் எடுங்கள்.

பவர் கோளாறைப் பிடிக்க ஸ்மார்ட்சிடிஎல் ஒரு அருமையான தடயம் தருகிறது. 12ஆம் அட்ரிபியூட், ‘பவர் சைக்கிள் கவுண்ட்’. கணினி அணையாமல் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த எண் ஏறினால் டிஸ்க்குக்கு மட்டும் மின்சாரம் போய் வந்திருக்கிறது. 4, 192 ஆகியவையும் கூடவே ஏறும். அப்படியானால் தரவுக் கேபிளை எத்தனை மாற்றினாலும் பயன் இல்லை. மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் ஸ்ப்ளிட்டரை அகற்றி, பவர் சப்ளையிலிருந்து நேராக வரும் பிளக்கை மாட்டுங்கள். 3.5 அங்குல டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். ஒரே ஒயரில் நான்கு ஐந்து டிஸ்க் தொங்கினால் வோல்ட் விழும், லிங்க்கும் விழும்.

போர்ட்டே கெடுவதும் நடந்த கதைதான். 2011 ஜனவரி 31 அன்று இன்டெல், கூகர் பாயின்ட் என்ற தன் 6 சீரிஸ் சிப்செட்டில் 3 ஜிகாபிட் சாட்டா போர்ட்கள் காலப்போக்கில் தளரக்கூடும் என்று அறிவித்து அனுப்புவதை நிறுத்தியது. 6 ஜிகாபிட் போர்ட்கள் இரண்டுக்கும் பாதிப்பு இல்லை. திருத்தப்பட்டது பி3 ஸ்டெப்பிங், அதாவது சிப்பின் புதிய பதிப்பு. அந்தச் சிப்செட் உள்ள பழைய சாண்டி பிரிட்ஜ் போர்டு ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருந்து, அது பி2 ஸ்டெப்பிங்காக இருந்தால், 0, 1 எண்ணுள்ள போர்ட்களை மட்டும் பயன்படுத்துங்கள்.

லிங்க்கின் மின்சேமிப்பும் சில டிஸ்க்குகளுக்கு ஒத்துவராது. சும்மா இருக்கும்போது மட்டும் பிழை வந்து, சுமை இருக்கும்போது சுத்தமாக ஓடினால் இதைச் சந்தேகப்படலாம். சிஸ் கோப்பகத்தில் அந்த எஸ்சிஎஸ்ஐ ஹோஸ்ட்டுக்குக் கீழே ‘லிங்க் பவர் மேனேஜ்மென்ட் பாலிசி’ என்ற கோப்பு இருக்கும். அதில் ‘மேக்ஸ் பெர்ஃபார்மன்ஸ்’ என்று, இரண்டு சொற்களுக்கும் இடையே அண்டர்ஸ்கோர் போட்டு எழுதிப் பாருங்கள்.

கேபிளை மாற்ற வழியில்லாத பெட்டி என்றால் வேகத்தை நீங்களே குறைத்து நிலைநிறுத்தலாம். லினக்ஸில் கர்னல் பூட் வரியில் ‘லிப்ஏடிஏ.ஃபோர்ஸ்’ என்பதற்குப் போர்ட் எண்ணும் 3.0 அல்லது 1.5 ஜிபிபிஎஸ் என்ற மதிப்பும். ஃப்ரீபிஎஸ்டியில் லோடர் கான்ஃப் கோப்பில் அந்த ஏஎச்சிஐ சேனலின் ‘சாட்டா ரெவ்’ ஹிண்ட்டுக்கு 1 அல்லது 2. பிழையோடு 6இல் தள்ளாடுவதைவிடச் சுத்தமாக 3இல் ஓடுவது மேல்.

பழைய ஐடிஇ என்றால்

ஐடிஇ, அதாவது பாட்டா டிஸ்க்கை நெட்பிஎஸ்டியில் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அங்கே முதல் கேள்வி, கேபிளில் 40 கம்பியா 80 கம்பியா என்பது. பிளக்கில் துளைகள் இரண்டிலும் 40தான், ரிப்பனின் நெசவைப் பார்த்தால் தெரியும். யூடிஎம்ஏ மோட் 2க்கு மேல் போக 80 கம்பி கட்டாயம். நீல முனை மதர்போர்டில், கறுப்பு மாஸ்டரில், சாம்பல் ஸ்லேவில். நீளம் 18 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. ஒற்றை டிஸ்க்கை நடு பிளக்கில் மாட்டிவிட்டு முனையைத் தொங்கவிட்டால் சிக்னல் முனையிலிருந்து திரும்பி வந்து பிழை தரும்.

நெட்பிஎஸ்டி மிகவும் கறாரானது. பூட் ஆனபின் முதல் 4000 பரிமாற்றத்துக்குள் ஒரே ஒரு டிஎம்ஏ பிழை வந்தாலே மோடை இறக்கிவிடும். அதன்பிறகுதான் 4000 பரிமாற்றத்துக்கு நான்கு பிழை என்ற கணக்கு. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அல்ட்ரா டிஎம்ஏவில் சிஆர்சி பிழை கண்டால், அல்ட்ரா மோடுகளில் படிப்படியாக இறங்கி முடிந்தபின் அது பழைய மல்டிவேர்டு டிஎம்ஏவுக்கு இறங்காது, நேராகப் பிஐஓவுக்குப் போகும். மல்டிவேர்டில் சிஆர்சி சரிபார்ப்பு இல்லை என்பதால் அதே கேபிளில் தரவு சத்தமில்லாமல் கெடும். வேகம் போனாலும் பரவாயில்லை, தரவு முக்கியம் என்ற அந்த முடிவு முற்றிலும் சரி. கையால் மோடைக் கட்டிவைக்க விரும்பினால் கர்னல் கான்ஃபிக்கில் ‘டபிள்யூடி’ வரியின் ஃப்ளாக்ஸ் உதவும். வலமிருந்து முதல் ஹெக்ஸ் இலக்கம் பிஐஓ, அடுத்தது டிஎம்ஏ, மூன்றாவது அல்ட்ரா டிஎம்ஏ. வேண்டிய மோட் எண்ணோடு 8ஐக் கூட்டி எழுத வேண்டும். அல்ட்ரா மோட் 2 என்றால் ‘ஏ’. மேலே சொன்ன காரணத்தால் அல்ட்ராவை அணைத்துவிட்டு மல்டிவேர்டில் ஓட்டாதீர்கள்.

லினக்ஸில் எச்டிபார்ம் கட்டளை கொண்டு மோடை மாற்றச் சொல்லும் பழைய குறிப்புகளைப் பின்பற்ற வேண்டாம். அவை எழுதப்பட்ட ஐடிஇ துணையமைப்பே 2021இல் 5.14 கர்னலோடு நீக்கப்பட்டுவிட்டது.

குறைகள்

யூஎஸ்பி பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க்கில் இந்தக் கருவி பாதி பலத்தில்தான் ஓடும். சின்ன எழுத்து ‘டி’, ‘சாட்’ என்று கொடுத்தால் பல பிரிட்ஜ்கள், அதாவது யூஎஸ்பிக்கும் சாட்டாவுக்கும் இடையே மாற்றித்தரும் சிப்கள், வழிவிடும். சில விடவே விடாது. அப்படிப்பட்ட டிஸ்க்கைக் கழற்றி நேராகச் சாட்டாவில் மாட்டித்தான் சோதிக்க வேண்டும். யூஎஸ்பி கேபிளில் வரும் பிழை 199இல் ஏறாது என்பதையும் மறந்துவிடக்கூடாது. சாட்டாவே இல்லாத என்விஎம்இ டிஸ்க்கில் 199 என்ற அட்ரிபியூட்டே கிடையாது, அங்கே வழி வேறு.

அட்ரிபியூட் பெயர்கள் டிஸ்க் விவரக் கோப்பிலிருந்து வருகின்றன. பழைய டிஸ்ட்ரோவில் புது டிஸ்க் மாட்டினால் ‘அன்நோன் அட்ரிபியூட்’ என்று வரும். ‘அப்டேட் ஸ்மார்ட் டிரைவ்டிபி’ என்ற ஸ்கிரிப்ட்டை, சொற்களுக்கு இடையே ஹைபன் போட்டு ஓட்டினால் சரியாகும். சீகேட் டிஸ்க்கில் 1, 7 ஆகியவற்றின் ரா மதிப்பு கோடிக்கணக்கில் இருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம், அந்த எண்ணுக்குள் மொத்தச் செயல்களின் எண்ணிக்கையும் சேர்ந்திருக்கிறது. 188க்கும் இதே எச்சரிக்கை.

ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு ஒன்று. ஸ்மார்ட்சிடிஎல் திருப்பும் எக்ஸிட் எண் பிட் பிட்டாக அர்த்தம் கொண்டது. 8 என்றால் டிஸ்க் செத்துக்கொண்டிருக்கிறது. 64 என்றால் பிழைப் பதிவில் ஏதோ ஒன்று இருக்கிறது, அவ்வளவே. என்றைக்கோ வந்த சிஆர்சி பிழையால் 64 தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். பூஜ்யம் இல்லையென்றால் ஆபத்து என்று எழுதிய ஸ்கிரிப்ட் தினமும் பொய் எச்சரிக்கை அனுப்பும். 7.0 பதிப்பிலிருந்து ஜேசன் வடிவில் வெளியீடு தருகிறது என்பதால், எக்ஸிட் எண்ணை நம்புவதைவிட அதிலிருந்து 199இன் ரா மதிப்பை எடுத்து நேற்றைய மதிப்போடு ஒப்பிடுவது நல்லது.

ஸ்கிரிப்ட்டே வேண்டாம் என்றால் ஸ்மார்ட்டி இருக்கிறது. இயல்பாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும். ஸ்மார்ட்டி கான்ஃப் கோப்பில் டிஸ்க்கின் வரியில் சின்ன எழுத்து ‘ஏ’ போட்டு, அதோடு பெரிய எழுத்து ‘ஆர்’, 199, ஒட்டியபடி ஒரு ஆச்சரியக்குறி சேர்த்தால் அந்த எண் நகரும்போது எச்சரிக்கை வரும். ஆச்சரியக்குறி இல்லாவிட்டால் லாக்கில் மட்டும் எழுதும், மெயில் அனுப்பாது. சின்ன எழுத்து ‘எம்’ போட்டு மெயில் முகவரி. பெரிய எழுத்து ‘எம்’, ‘டெஸ்ட்’ என்று தற்காலிகமாகச் சேர்த்து ஸ்மார்ட்டியை ரீஸ்டார்ட் செய்தால் சோதனை மெயில் வரும். அது இன்பாக்ஸில் வந்து சேர்ந்ததைப் பார்த்தபிறகே அந்தச் சொல்லை நீக்குங்கள்.